கொண்டல்சாமி பேரில் பாடியது

எங்கள் ஊரில் யாருக்கும் கண்ணீர் வராமல் இருந்த காலத்தில் என் மகள் வனிதா செத்துப்போனாள். அதனால் அவளுக்காக நான் அழவில்லை, அவள் அப்பாவும் அழவில்லை, தெருவில் ஒருத்தரும் அழவில்லை. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டு, தலையை ஆட்டி, வாயைத் திறந்து, உள்ளே இழுத்த மூச்சை வெறும் மூச்சாகவே வெளியே விட்டோம். விட்டுவிட்டு எழுந்து தலைமுழுகி, வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தோம்.

இது அவள் பிறப்பதற்கும் முன்னால் தொடங்கியது. எனக்குக் கல்யாணம் ஆன மறு வருடம் என் வீட்டுக்காரர் கொண்டல்சாமி போர்வண்டியோடு வடக்கே போனார். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரியில் ஏறினால் மூன்று மாநிலம் நான்கு மாநிலம் சுற்றிவிட்டுத்தான் ஆள் வீடு திரும்புவார்கள். எனக்கு எப்போதும் எதையாவது நினைத்துப் பதறுகிற குணம், வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே போனார், போன இடத்தில் ஏதோ ஒரு மலைப்பாதையில் வண்டி உருண்டு ஆற்றில் விழுந்துவிட்டது என்று தகவல் வந்தது. சிலருடைய உடல் கிடைத்தது. இவருடையது கிடைக்கவில்லை.

சொந்தக்காரப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. "உடம்பைக் கொண்டாந்து காட்டுங்க, அழுவோம். அதுவரைக்கும் எவளும் எங்க வீட்டுல வாயைத் திறக்கக் கூடாது" என்று உள்ளே இருந்தே சொன்னேன். வந்தவர்களில் முதல் ஆள் அவருடைய அக்கா, என் மதினி முத்திருளாயி. சுற்றுவட்டாரத்தில் அவளைப் போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. அவள் வாய் திறந்தால் பிணத்துக்குக் கடன் கொடுத்தவன்கூட அழுவான். அவள் அன்றைக்கு என் வாசலில் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு, தொண்டை வரைக்கும் வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து மரகதம் கேசட் சென்டர் திரவியம் எங்கள் வெள்ளூத்துப்பட்டிக்கு வந்தார். அம்மன் பாட்டு, காதுகுத்துப் பாட்டு எல்லாம் போட்டு விற்றவர், இனி ஒப்பாரி கேசட் போடலாம் என்று நினைத்தார். ஆள்பலம் இல்லாத வீட்டில் சாவு விழுந்தால் ரேடியோசெட்காரன் இதைப் போட்டுவிட்டால் போதும், வீடு வெறிச்சென்று இருக்காது என்றார். மதினியையும் அவளோடு கூடப் பாடுகிற நான்கு பெண்களையும் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறை, நடுவில் பாகற்காய் மாதிரி மைக் தொங்கியதாம். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள், உறுமிக்காரர் தயாரானார், ஆனால் பெண்கள் வாயைத் திறக்கவில்லை.

"பேரு சொல்லுங்க" என்றாள் மதினி.

"யாரு பேரு?"

"செத்தவுக பேரு. ஆளில்லாம ஒப்பாரி வைக்கக் கூடாது சாமி. வச்சா அது தானா ஒரு ஆளைத் தேடிப் போயிரும்."

திரவியம் சிரித்தார். "சும்மா ஒரு பேரு வைங்கக்கா, ராமன் சோமன்னு."

"ராமன் சோமன் எல்லா ஊர்லயும் இருக்கான். அவன் பொண்டாட்டி வெளக்கமாத்தத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவா. நீங்களா வந்து நிப்பீக?"

பிறகு அவள் கண்ணை மூடினாள். விழுங்கி வைத்திருந்தது எழுந்து வந்தது. 'மலையேறிப் போன வண்டி மடக்கித் திரும்பலையே, கூடப் பொறந்த கொண்டலுச்சாமி, உன் கால்தடம் காங்கலையே' என்று தொடங்கி, கேசட்டின் இரண்டு பக்கமும் நிறைகிற வரைக்கும் தம்பி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், மற்ற நான்கு பேரும் அவளோடு அழுதார்கள், உறுமிக்காரர் அழுதார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் அழுதார். சாயங்காலம் வேனில் திரும்பி வந்தபோது ஐந்து பேர் முகமும் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. அதற்கு மேல் எங்கள் ஊரில் யாருக்கும் கண்ணீர் வரவில்லை.

முதலில் இது தெரிந்தது அரவை மில் குருநாதனின் அம்மா செத்த அன்று. தாயைப் பெரிதாகத் தாங்கிய பிள்ளை அவன், ஆனால் கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. துக்கம் கூடிப்போய் அடைத்துக்கொண்டது என்று அவனுக்கு நெஞ்சை நீவிவிட்டார்கள். பார்த்தால் நீவிவிட்டவர்களுக்கும் வரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வெங்காயம் உரித்தால் கண் எரிந்தது, நனையவில்லை. கைக்குழந்தை வீல் வீல் என்று கத்தியது, கன்னம் காய்ந்து கிடந்தது. அந்த வருடம் மழை பொய்த்திருந்ததால் கிணறு வற்றின மாதிரி கண்ணும் வற்றிவிட்டது, மழை பெய்தால் சரியாகும் என்றார்கள். மழை பெய்தது, கிணறு நிறைந்தது, கண் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சாவு வீட்டுக்குப் போகும்போது அதை ஊற்றிக்கொண்டு போகிற பழக்கம் கொஞ்ச நாள் இருந்தது, அது அழுகை ஆகாது என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

மதினிதான் விஷயத்தைச் சொன்னாள். "ஊரு அழுகை பூராவும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. நாங்கதான் கொண்டுபோயி வச்சிட்டு வந்துட்டோம். கேசட்ட வெளிய விடச் சொல்லுங்க, தானா வந்துரும்." யாரும் இதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை, சீக்கிரம் விடச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். திரவியமும் அட்டை அடித்துத் தயாராக வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வெளியீடு என்று முடிவானது. வியாழக்கிழமை மதியம் டவுன் பஸ்ஸிலிருந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, தோளில் அழுக்குப் பையோடு கொண்டல்சாமி இறங்கினார்.

ஆற்றோரத்தில் மீன் பிடிக்கிற யாரோ எடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சு இவருக்குப் புரியாமல், இவர் பேச்சு அவர்களுக்குப் புரியாமல், கால் கூடுகிற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். சந்தோஷத்தில் அழவேண்டும், அதுவும் வரவில்லை. "என்னத்தா, நான் வந்தது பிடிக்கலையா?" என்று கேட்டார்.

சாவடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் இருளப்பன் நடுவில் உட்கார்ந்தார், திரவியத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஆள் பேரில் வைத்த ஒப்பாரி, கேசட்டாக வெளியே வந்து ஊர் காதில் விழுந்த நிமிடம் அந்த ஆளை எடுத்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"பேர மாத்தி இன்னொருக்கப் பாடிற வேண்டியதுதான?" என்றார் தலைவர்.

"அழுகை வந்தாத்தான அண்ணே பாடுறதுக்கு" என்றாள் மதினி.

"சரி, பேரை மட்டும் வெட்டி எடுத்துருங்க."

திரவியம் தலையைச் சொறிந்தார். "வரிக்கு வரி பேரு இருக்குண்ணே. வெட்டுனா உறுமி மட்டும்தான் மிஞ்சும்."

 பிறகு தலைவர், ஒரு உயிரைக் கொன்று அழவேண்டிய அவசியம் நமக்கு இல்லை, கொண்டல்சாமி இருந்து அனுபவித்துப் போகட்டும், அதற்குப் பிறகு கேசட்டை விடலாம், அதுவரை ஊர் பொறுத்துக்கொள்ளும் என்றார். எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒன்னும் அவசரம் இல்லீங்க" என்றார் இவர். கூட்டம் சிரித்தது. 

ஊர் பொறுத்துக்கொண்டது. எதையும் பழகிக்கொள்கிற ஊர். வெளியூரிலிருந்து ஒப்பாரிக்காரிகளைக் கூலிக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பஸ் ஸ்டாப் தாண்டியதும் அவர்களுக்கும் வற்றிவிட்டது. இங்கே பிறந்து வெளியூருக்குக் கட்டிக்கொண்டு போன பெண்களுக்கு மட்டும் அங்கே போய்க் கொஞ்ச நாளில் கண்ணீர் திரும்பியது. அதனால் தாய் தகப்பன் செத்தால் அந்தப் பெண்கள் ஊர் எல்லையில் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ள, பாடையை எல்லைக்கல் வரைக்கும் தூக்கிவந்து காட்ட, அவர்கள் அங்கிருந்தே அழுதார்கள், நாங்கள் இந்தப் பக்கம் நின்று, பசித்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செத்தால் அழ ஒருத்தி வேண்டுமே என்று தூரத்து ஊர்களில் மாப்பிள்ளை தேடினார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை, கல்நெஞ்சுக்காரன் பட்டி என்று பேர் விழுந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் ஊர்ப் பெண் புகார் கொடுத்தால் நம்பமாட்டார்கள், இவ்வளவு அடிபட்டவள் அழாமல் பேசுகிறாளே என்பார்கள். புதிதாக வந்த வாத்தியார் பிள்ளைகளை அடித்தார், அழவில்லை என்று திமிர் பிடித்ததாக நினைத்து இன்னும் அடித்தார், அவருக்கு விளங்குவதற்குள் ஒரு பையனுக்குக் கை ஒடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரரை முதல் சில வருடம் ஊர் உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. அவரால் ஊருக்கு ஒரு பாவம் வந்துவிடக்கூடாது என்று சைக்கிள் ஓட்டவிடவில்லை, மரத்தில் ஏறவிடவில்லை, கிணற்றடிக்குப் போனால் கூடவே யாராவது போனார்கள். அப்புறம் சாவுகள் சேரச் சேர அந்தப் பார்வை மாறியது. ஒவ்வொரு சாவு எடுத்து முடிந்ததும் அந்த வீட்டு ஆட்கள் தலைமுழுகிய ஈரத்தோடு எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார்கள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன கொண்டலு, இருமல் எப்படி இருக்கு?"

"நின்னுருச்சுண்ணே."

"நின்னுருச்சா?" என்று கேட்டுவிட்டு முகம் சுண்டிப் போவார்கள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த மாதத்தில் வீட்டுக்கு வீடு பாயசம் வந்தது. பாயசம், அதிரசம், கருப்பட்டி மிட்டாய், எல்லாம் பிரியத்தோடு வாழையிலை போட்டு மூடி வந்தது. நான் வாங்கி வாங்கிக் கோழிக்குக் கொட்டினேன். "கொட்டாத புள்ள, ஒரு வாய் தின்னுக்கிறேன், ஆசையாக் கொண்டாந்திருக்காக" என்பார் அவர். முடிவெட்டுகிறவர், கழுத்தோரம் கத்தி வைக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்பார் என்று இவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. கதவு தட்டினால் பதறுவேன், அவர் திரும்பிவரக் கொஞ்சம் தாமதமானால் பதறுவேன், அவர் தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

திரவியம் பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வந்து பார்த்துவிட்டுப் போவார். கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது, மரகதம் கேசட் சென்டர் செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறியது, அவர் மீசை வெளுத்தது. "அன்னைக்கே விட்டிருந்தா எங்கயோ போயிருப்பேன். ரெண்டு தலைமுறைக்கு மெஷின் மாறிருச்சு, உங்க வீட்டுக்காரர் அப்படியே இருக்காரே" என்று என்னிடமே சொல்வார், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லமாட்டார், வெயில் அதிகம் என்கிற மாதிரிதான் சொல்வார்.

இதற்கு நடுவில்தான் வனிதா பிறந்தாள், வளர்ந்தாள், நான்காம் வகுப்புக்குப் போனாள், காய்ச்சல் வந்து படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

அழாத துக்கம் எங்கே போகும் என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளை குடிக்காமல் பால் கட்டிக்கொண்டால் மார் கல்லாகி, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், சட்டை உரசினாலும் தாங்காது. அது அப்படி உடம்பு முழுக்கக் கட்டிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. குனிந்தால் எழ முடியவில்லை. அவள் பேரை யாராவது சொன்னால் கண்ணுக்குப் பின்னால் இரண்டு கூழாங்கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டில் நடக்கும்வரை அது எனக்குத் தெரியாது. குருநாதன் மில்லில் பெல்ட்டை நிறுத்திவிட்டு நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதை ஏதோ கிறுக்கு என்று நினைத்திருந்தேன். மாவு அரைக்கப் போன நான் அவனுக்குப் பக்கத்தில் போய் அதே சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். அவன் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.

அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "திரவியத்துக்குப் போன் போடு" என்றார்.

"எதுக்கு?"

"கேசட்ட விடச் சொல்லு."

"கூறுகெட்டுப் போச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன். "மகளையும் வாரிக் குடுத்துட்டு உங்களையும் வாரிக் குடுக்கவா? வேண்டாம். அந்தப் பேச்சே வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லுற. உன் மொகம் வேற சொல்லுது."

"என் மொகத்துக்கு என்ன தெரியும்?"

அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. "எனக்கு ஆத்துலயே முடிஞ்சிருக்கணும் புள்ள. மீன்காரன் பாத்துட்டான். அதுக்கு மேல இருந்ததெல்லாம் லாபம், அதுல ஒரு மகளையும் பாத்துட்டேன். நீ வனிதா பேரைச் சொல்லி ஒரே ஒருக்க அழு. அழுது முடிச்சிட்டு எங்கிட்ட வந்து வேண்டாம்னு சொல்லு, கேட்டுக்கிறேன்."

அழுது முடித்த பிறகு சொல்ல அவர் எங்கே இருப்பார்? அதை நான் கேட்டிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். கண்ணுக்குப் பின்னால் இருந்த கல் அழுத்தியது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் பேசாமல் போனதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவரே போன் போட்டார்.

செய்தி ஊருக்குள் பரவியதும் வாசலுக்கு வந்தார்கள், ஒவ்வொருவரும் "வேண்டாம் கொண்டலு" என்றார்கள், ஒருவர்கூட இரண்டாம் தடவை சொல்லவில்லை. மதினி மட்டும் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். "என் வாயாலதானடா உனக்கு இது வந்துச்சு." அதற்கு அவர், "உன் வாய்க்கு என்னக்கா குறை, நல்லாத்தான பாடியிருப்ப. செத்தவன் எவனுக்குக்கா தன் ஒப்பாரியக் கேக்கக் குடுத்து வச்சிருக்கு?" என்றார்.

வெளியீட்டு விழா என்று சாவடி முன்னால் சாமியானா போட்டார்கள், பிளாஸ்டிக் சேர் வந்தது, பாக்ஸ் ஸ்பீக்கர் வந்தது. வாசலில் பெரிய பிளக்ஸ் வைத்தார்கள். அடித்த பையனுக்கு விவரம் போதவில்லை, அவர் படத்தை ரோஜாப்பூக்களுக்கு நடுவில் வைத்து இரண்டு பக்கமும் குத்துவிளக்கு போட்டுவிட்டான். கீழே மட்டும் 'வருக வருக' என்று இருந்தது. இருளப்பன் பொன்னாடை போர்த்தினார். முதல் பிரதி யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, இவருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார் திரவியம். கேசட் போட மெஷின் இல்லாத காலம். ஆனாலும் அன்றைக்கு அடித்த அட்டையோடு ஒரு கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்து, அதை இரண்டு கையாலும் கொடுத்தார். இவர் எழுந்து நின்று வாங்கி, சபைக்குக் கும்பிடு போட்டார். கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

பிறகு திரவியம் தன் செல்போனை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார். முதலில் உறுமி. அதன் மேல் மதினியின் குரல், பல்லெல்லாம் இருந்த காலத்துக் குரல், 'மலையேறிப் போன வண்டி' என்று எழுந்து வந்தது. முன்வரிசையில் இருந்த குருநாதன் கன்னத்தைத் தொட்டான், விரலைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினான், "எம்மா" என்று ஒரு சத்தம், அவ்வளவு பெரிய ஆளிடமிருந்து. அந்தச் சத்தத்தில் சாமியானா முழுக்க உடைந்தது. நாற்காலிகள் சாய்ந்தன, பெண்கள் மண்ணில் விழுந்தார்கள், அப்பாவுக்கு அழுதார்கள், அண்ணனுக்கு அழுதார்கள், கருவிலேயே போன பிள்ளைக்கு, கட்டிக்கொடுத்து எரிந்துபோன மகளுக்கு, லாரியில் அடிபட்ட மகனுக்கு அழுதார்கள், போலீஸ் ஸ்டேஷனில் நம்பாமல் அனுப்பப்பட்டவள் தனக்கே அழுதாள், கை ஒடிந்த பையன் இப்போது வளர்ந்து மீசை வைத்திருந்தான், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாட்டில் வரிக்கு வரி கொண்டலுச்சாமி, கொண்டலுச்சாமி என்று வந்துகொண்டிருந்தது. கேட்டவர்கள் வாயிலிருந்து வேறு வேறு பேர்கள் வந்துகொண்டிருந்தன.

எனக்கு வயிற்றிலிருந்து வந்தது. வளர்கிற பிள்ளை என்று வனிதாவின் பள்ளிக்கூடப் பாவாடையில் மடிப்பை உள்ளே விட்டுத் தைத்திருந்தேன், அடுத்த வருடம் பிரித்துவிடலாம், அதற்கு அடுத்த வருடம் இன்னொரு மடிப்பைப் பிரித்துவிடலாம் என்று. அந்த மடிப்பு பிரிக்காமலே பெட்டியில் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அழுதேன். தரையில் கிடந்து, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் மகளே என் மகளே என்று தொண்டை கிழிகிற வரைக்கும் அழுதேன், கல் கரைந்தது, உடம்பு கரைந்தது, அழுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன், இன்னும் அழு இன்னும் அழு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட்டு நின்றது. ஒவ்வொருவராக மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, பக்கத்து ஆளைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் மேடையைப் பார்த்தோம். பொன்னாடையோடு, மடியில் கேசட்டோடு, தலை ஒரு பக்கம் சாய்ந்து அவர் நாற்காலியில் இருந்தார். எந்த வரியில் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது, தொட்டுப் பார்த்தேன். அவரும் வனிதாவுக்கு அழுதிருக்கிறார். அதையும் நான் பார்க்கவில்லை.

அதே சாமியானாவில் அவரைக் கிடத்தினோம். பெண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்து தோளில் கையைப் போட்டார்கள். யாருக்கும் வரவில்லை. முன்பு வராமல் இருந்தது வேறு. இது எல்லாவற்றையும் கொட்டிக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருப்பது. சிலர் கொட்டாவி விட்டார்கள். நல்ல அசதி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதினியின் முகத்தைப் பார்த்தேன். "அவனுக்கு நான் அழவேண்டியதை அன்னைக்கே அழுதுட்டேன் தாயி" என்று முணுமுணுத்தாள்.

திரவியம் தயங்கித் தயங்கி வந்து, "இன்னொருக்கப் போடட்டுமா?" என்று கேட்டார். போட்டார். வரிக்கு வரி அவர் பேர் வந்தது. எல்லாரும் கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், குரல் மணி மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பேய் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். சுடுகாட்டுக்குப் போகும்போதும் சத்தமே இல்லை.

ஊருக்குக் கண்ணீர் திரும்பிவிட்டது. இப்போது வெங்காயம் உரித்தால் கொட்டுகிறது. பிள்ளைகள் கன்னத்தில் கோடு விழ அழுகின்றன. எனக்கும் எல்லாவற்றுக்கும் வருகிறது. டிவியில் யாரோ அழுதால் வருகிறது, ஆட்டுக்குட்டி செத்தால் வருகிறது. அவரை நினைத்தால் மட்டும் வருவதில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பாயசம் கொண்டுவந்தவர்களை நினைத்து, கால் இழுத்து நடந்ததை நினைத்துப் பார்ப்பேன். வராது. நான் அவரைக் கொடுத்து வாங்கிய அழுகையை ஒரே நாளில் மகளுக்குச் செலவழித்துவிட்டேன்.

கேசட் பெரிதாகப் போனது. சிவகாசி, கோவில்பட்டி, ராமநாதபுரம், எந்த ஊரில் சாவு விழுந்தாலும் செல்போனில் இறக்கி அதைத்தான் போடுகிறார்கள் என்றார் திரவியம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்த பஸ், பேர் தெரியாத ஊரில் நின்றுபோகும்வரை. ரோட்டோரத்தில் சாவு வீடு. பந்தல், சங்கு, கட்டிக்கொண்டிருக்கிற பாடை. கருவேல மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து 'கூடப் பொறந்த கொண்டலுச்சாமி' என்று வந்தது. பந்தலுக்குள் பெண்கள் அந்தப் பேருக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நல்ல அழுகை, தண்ணீர் சேலை முந்தானையில் சொட்டியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்டக்டர், "யம்மா, இது உங்க ஸ்டாப் இல்ல" என்றார். நான் இறங்கிவிட்டேன்.

வளையல் தட்டும் பூவும் இருந்த கூடையைப் பந்தல்கால் ஓரம் வைத்துவிட்டு, குனிந்து உள்ளே போனேன். பெஞ்சில் கிடந்தது ஒரு கிழவி, தாடையில் துணி கட்டியிருந்தார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் அழுதுகொண்டே திரும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

"கிழவிக்கு இல்ல தாயி" என்றேன். "பாட்டுல பேரு வருதே, அவருக்கு. நான் அவரு பொண்டாட்டி."

அவள் என்னைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அடுத்து இருந்தவளிடம் எதையோ சொன்னாள், அவள் அதற்கு அடுத்தவளிடம் சொன்னாள், வட்டம் முழுக்க அது சுற்றி வந்தது. பிறகு அவர்கள் முழங்காலை மடக்கி நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள், நான் உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கை என் தோளில் விழுந்தது. அவர்கள் ஆடினார்கள், நானும் ஆடினேன். என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி அவர்கள் எல்லாரும் அழுதார்கள்.